குடலும் உள்ளமும்: ஒரு கருத்தின் இருநூறு ஆண்டுகள்

பிறர் வாழக் கண்டு பொறுக்காதவனை வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்கிறோம். அஞ்சத்தக்க செய்தி வந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது போல் இருந்தது என்கிறோம். அச்சம் நீங்கினால் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்கிறோம். மகனைப் பறிகொடுத்த தாய் நெஞ்சில் அறைந்துகொள்வதோடு நில்லாமல் வயிற்றிலும் அறைந்துகொள்கிறாள். உள்ளத்தில் நிகழ்வதை வயிற்றின் பெயரால் சொல்லும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. குருமடத்தில் கிரேக்கம் பயின்ற நாட்களில், இயேசு மக்கள் கூட்டத்தைக் கண்டு பரிவு கொண்டார் என நற்செய்தியாளர்கள் எழுதும்போது ஆளும் வினைச்சொல், குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் ஸ்பிளாங்க்னா என்னும் பெயரிலிருந்து பிறந்தது என்று கற்றபோது நமக்கு வியப்பாக இருந்தது. எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் ரஹமீம் என்னும் சொல்லோ கருப்பையைக் குறிக்கும் சொல்லின் உறவு. பழைய மொழிகள் யாவும் மனிதனின் நடுவுடலில்தான் அவன் உணர்ச்சிகளுக்கு வீடு கட்டின.

கிரேக்க மருத்துவர்களும் அவ்வாறே கருதினர். ஆழ்ந்த மனச்சோர்வுக்கு அவர்கள் இட்ட மெலங்கோலியா என்னும் பெயருக்குக் 'கரும்பித்தம்' என்பதே பொருள். இல்லாத நோயை உண்டென்று எண்ணி வருந்துவதைக் குறிக்கும் ஹைப்போகாண்ட்ரியா என்னும் சொல், விலா எலும்புகளுக்குக் கீழுள்ள வயிற்றுப் பகுதியின் பெயராகத் தொடங்கியது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் தவம் செய்த துறவி எவாக்ரியுஸ், துறவியரைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வரிசைப்படுத்தியபோது போசனப்பிரியத்தையே முதலில் வைத்தார். நாவின் ஆசையைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. நோன்பிருக்கும் துறவி தன் இரைப்பையையும் ஈரலையும் மண்ணீரலையும் பற்றிக் கவலைப்படத் தொடங்குவதையும் அந்த எண்ணத்தின் வேலையாகவே அவர் குறிப்பிடுகிறார். இன்றைய மருத்துவர் படித்தாலும் புன்னகை புரியக்கூடிய கூர்மையான கவனிப்பு அது.

இவையெல்லாம் ஊகங்கள். கண்ணால் கண்ட முதல் சான்று 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ஏற்பட்ட ஒரு விபத்தினால் கிடைத்தது. அமெரிக்காவின் பெரிய ஏரிகளுக்கு இடையே உள்ள மாக்கினா தீவில், மென்மயிர்த் தோல் வணிகம் செய்த நிறுவனத்தின் கடையில், தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டுகள் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் பிரெஞ்சுக் கூலித்தொழிலாளியின் விலாவைத் துளைத்தன. படை மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் காயம் முழுவதும் மூடவில்லை. இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கத்தக்க ஒரு துளை நிலைத்துவிட்டது. 1825 முதல் 1833 வரை அந்தத் துளையின் வழியே பட்டு நூலில் கட்டிய இறைச்சியையும் ரொட்டியையும் இறக்கி, நேரம் பார்த்து வெளியே எடுத்து, செரிமானத்தைப் பியூமான்ட் ஆராய்ந்தார். 200க்கும் மேற்பட்ட சோதனைகள். 1833இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு குறிப்பு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. செயின்ட் மார்ட்டின் கோபம் கொண்ட வேளைகளில் இரைப்பையின் உட்சுவர் மாறுதலடைவதையும் செரிமானம் கெடுவதையும் அவர் நேரில் கண்டு எழுதினார். உள்ளம் வயிற்றைத் தொடுகிறது என்பதை ஒரு மனிதனின் வயிற்றுக்குள்ளேயே பார்த்தாயிற்று.

செயின்ட் மார்ட்டின் ஏன் கோபப்பட்டார் என்று அந்த நூல் அதிகம் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஏழை. ஆண்டுக்கு 150 டாலருக்குத் தம் இரைப்பையை ஒப்பந்தம் செய்து கொடுத்தவர். குடும்பத்தைப் பிரிந்து, பல மணி நேரம் அசையாது படுத்துக் கிடந்தவர். சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பிப் போனதும் உண்டு. 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் அந்த இரைப்பையை அருங்காட்சியகத்திற்குக் கேட்டார்கள். குடும்பத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? கோடை வெயிலில் உடல் அழுகத் தொடங்கும் வரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அடக்கத் திருப்பலியின்போது சவப்பெட்டியைக் கோவிலுக்குள் கொண்டுவர இயலாமல் வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் யாரும் தோண்டி எடுக்காதபடி, கியூபெக் மாநிலத்துப் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள். அறிவியலுக்கு அந்தக் குடும்பம் இழைத்த தீங்கு என்று இதைச் சிலர் எழுதியதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

உள்ளம் வயிற்றைத் தொடுவது சரி. வயிறு உள்ளத்தைத் தொடுமா? இந்த இரண்டாம் கேள்வி எழுவதற்கு வயிற்றில் குடியிருப்பவர்கள் யார் என்பது முதலில் தெரியவேண்டியிருந்தது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் தாமே செய்த ஆடிகளின் வழியாக 1681இல் தம் கழிவிலும், 1683இல் தம் பல்லின் அழுக்கிலும் அசையும் சிற்றுயிர்களைக் கண்டார். 1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் ஒரு கோல்வடிவ பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார். இன்று ஈ. கோலை என்று நாமெல்லாம் அறிந்த அந்த உயிரின் முதலெழுத்து அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதே 1885இல் லூயி பாஸ்டர், நுண்ணுயிர்களே இல்லாமல் ஒரு விலங்கு உயிர்வாழ முடியாதென்று தாம் கருதுவதாக எழுதினார். இக்கூற்று பிழையென்று பின்னர் தெரிந்தது. அதைப் பிழையென்று காட்டிய கதைக்குப் பிறகு வருவோம்.

பாஸ்டர் நிறுவனத்தில் 1888 முதல் பணியாற்றிய எலீ மெச்னிக்காஃப்பை இந்த வரலாற்றின் முதல் பெருமகன் எனலாம். 1845இல் உக்ரைனில் பிறந்தவர். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து, 1908இல் பவுல் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதல் மனைவி காசநோயால் இறந்தபோதும், இரண்டாம் மனைவி கடுநோயுற்ற காலத்திலும், இருமுறை தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தவரும் அவரே. மனித மனத்தின் இருளை நூல்களில் மட்டும் படித்தவர் அல்லர். பெருங்குடலில் உணவை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலை முதுமையடையச் செய்கிறது. பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களைக் கொண்டு அவற்றை அடக்கலாம் என்பது அவருடைய கோட்பாடு. பல்கேரிய உழவர்கள் நெடுங்காலம் வாழ்வதாகச் சொல்லப்பட்டது. அவர்களுடைய தயிரிலிருந்த பாக்டீரியாவை 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளம் மருத்துவர் ஜெனீவாவில் பிரித்தறிந்தார். மெச்னிக்காஃப் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். ஐரோப்பாவின் நகரங்களில் தயிர் மருந்துக்கடைச் சரக்காயிற்று. நம் வீடுகளில் உறியில் தொங்கியது அங்கே புட்டியில் அடைபட்டு விலைபோயிற்று.

1910இல் இலண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையின் மருத்துவர் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ், மனச்சோர்வு கொண்ட 18 நோயாளிகளுக்குப் பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார். 11 பேர் குணமடைந்தனர், 2 பேர் தேறினர் என்று அறிவித்தார். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. தானாகவே தேறியிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதற்கு விடையில்லை. ஆயினும் அந்தச் சோதனையினால் யாருக்கும் கேடு விளையவில்லை. அடுத்து வந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

குடலில் நஞ்சு ஊறுகிறது என்றால், நஞ்சு ஊறும் குடலை ஏன் வைத்திருக்கவேண்டும்? இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்புத்நாட் லேன் மலச்சிக்கல் உடையவர்களின் பெருங்குடலை வெட்டியெடுக்கத் தொடங்கினார். உடற்சோர்வு, மனக்கலக்கம் யாவும் தேங்கிய குடலால் வருவன என்பது அவர் துணிபு. ஆனால் இக்கருத்து தன் எல்லைவரை சென்றது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையில்தான்.

அங்கே 1907இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஹென்றி காட்டனைக் கொடியவர் என்று தொடக்கத்தில் எவரும் சொல்லியிருக்க முடியாது. அந்நாளின் தலைசிறந்த மனநல அறிஞர் அடால்ஃப் மேயரின் மாணவர். ஜெர்மனியில் கிரெப்லினிடமும் ஆல்சைமரிடமும் பயின்றவர். பொறுப்பேற்றவுடன் நோயாளிகளைக் கட்டிப்போடும் கருவிகளை ஒழித்தார். 1913இல் நொகுச்சியும் மூரும், பித்துப்பிடித்து இறந்த ஒருவகை நோயாளிகளின் மூளையில் மேகநோய்க் கிருமி இருப்பதைக் கண்டறிந்தனர். ஒரு பித்துக்குக் கிருமி காரணம் என்றால் எல்லாப் பித்துக்கும் ஏன் காரணமாகாது என்று காட்டன் எண்ணினார். கேள்வி நியாயமானது. அதற்கு அவர் கண்ட விடைதான் பேரழிவாயிற்று. பல்லில் ஒளிந்த கிருமி என்று பற்களைப் பிடுங்கினார்; ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். தேறாதவர்களுக்குத் தொண்டைச் சதைகளை அகற்றினார். அதிலும் தேறாதவர்களுக்கு இரைப்பையின் பகுதியையும் பெருங்குடலையும் வெட்டினார். நோயாளியின் மறுப்பு பொருட்படுத்தப்படவில்லை. மறுப்பதே நோயின் அடையாளம் என்று கொள்ளப்பட்டிருந்தால் மறுப்பவர் எங்கே போய் முறையிடுவார்? 85 விழுக்காட்டினர் குணமடைகின்றனர் என்று அவர் அறிவித்தார். செய்தித்தாள்கள் புகழ்ந்தன. தொலைவிடங்களிலிருந்து செல்வர்கள் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். பெருங்குடல் அறுவைக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்தனர் என்பதையும் அவரே எழுதினார். அவர்களது உடல்நிலை முன்பே கெட்டிருந்ததென்று விளக்கமும் தந்தார்.

நேர்மையற்றவராக இருந்திருந்தால் அவரைப் புரிந்துகொள்வது எளிது. அவரோ தம் சொந்த மக்களின் பற்களையே பிடுங்கச் செய்தவர். நம்பிக்கை அத்தனை முழுமையாக இருந்தது.

சோதித்துப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. நியூயார்க் நகரில் கோப்பலாஃப் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய துணைவர்களும் நோயாளிகளை ஒத்த இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு மட்டும் பற்களையும் தொண்டைச் சதைகளையும் நீக்கினர். இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை என்று 1922, 1923ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். (இதே கோப்பலாஃப் 1926இல் அமில விரும்பி பாக்டீரியாவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். குடலின் உயிர்களில் அவருக்கு ஆர்வம் குறைவாக இருந்ததென்று எவரும் குற்றம் சாட்ட முடியாது.) 1924இல் மேயர் தம் மருத்துவமனையிலிருந்து பிலிஸ் கிரீனேக்கர் என்ற இளம் பெண் மருத்துவரை டிரென்டனுக்கு அனுப்பினார். அவர் ஏடுகளைப் புரட்டினார். அத்தோடு நில்லாமல் நோயாளிகளையும் வீடுவீடாகத் தேடிச் சென்று பார்த்தார். மிகுதியாகச் சிகிச்சை பெற்றவர்களே மிகுதியாகச் சீர்கெட்டிருந்தனர். குறைவாகப் பெற்றவர்கள் ஓரளவு நலமாயிருந்தனர். அறிக்கை எழுதப்பட்டது. வெளியிடப்படவில்லை. மாணவரின் பெயரைக் காப்பதா, நோயாளிகளைக் காப்பதா என்ற இடத்தில் மேயர் மௌனத்தைத் தெரிந்துகொண்டார். காட்டன் 1930 வரை பொறுப்பில் இருந்தார், 1933இல் இறந்தார். நிறுவனம் தன் நற்பெயருக்காக மௌனம் காக்கும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத் திருச்சபையைச் சேர்ந்த நாமும் அறியாதவர்கள் அல்லர். டிரென்டனை மருத்துவர்களின் பாவம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக நம்மால் இயலாது.

இதன்பின் குடலையும் மனத்தையும் இணைத்துப் பேசுவது நன்மதிப்புக்குரிய செயலாக இல்லாமல் போயிற்று. மனச்சோர்வின் காரணத்தைச் சிலர் குழந்தைப் பருவத்து நினைவுகளில் தேடினர், பிறகு மூளையின் வேதிப்பொருள்களில் தேடினர். ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. ஈரல் பழுதுற்றவர்கள் சில வேளைகளில் குழம்பிப் பேசுவர், இரவைப் பகலென்பர், மெல்ல மயக்கத்தில் ஆழ்வர். இதற்குக் குடலிலிருந்து எழும் அம்மோனியா முதலிய பொருள்கள் ஈரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குச் செல்வதே காரணம் என்பதை 1954இல் இலண்டனில் ஷீலா ஷெர்லாக்கும் துணைவர்களும் விளக்கினர். குடல் பாக்டீரியாக்களைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் நோயாளி தெளிவடைந்தார். 1960களில் லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்தும் சேர்ந்துகொண்டது. இன்றும் அது வழக்கில் உள்ளது. குடலின் உயிர்கள் ஒரு மனிதனின் சிந்தையைக் கலக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இதை ஈரல் நோயின் ஒரு பக்க விளைவாகவே பார்த்தனர்.

பாஸ்டரின் கூற்றுக்கு இப்போது வருவோம். நுண்ணுயிர் அற்ற விலங்கை வளர்க்க முடியுமா? 1895இல் பெர்லினில் நட்டாலும் தியர்ஃபெல்டரும் கினிப் பன்றிக் குட்டிகளை அவ்வாறு சில நாட்கள் வளர்த்துக் காட்டினர். தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் வழியைக் கண்டது, திருச்சிலுவை சபைத் துறவியர் 1842இல் இந்தியானாவில் நிறுவிய நோட்டர் டாம் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் ரேனியர்ஸ் 1928 முதல் அங்கே எஃகுக் கூண்டுகளைச் செய்தார். அறுவை முறையில் தாயின் வயிற்றிலிருந்து எடுத்த குட்டிகளை நுண்ணுயிர் அண்டாத கூண்டிற்குள் வைத்து, காற்றை வடிகட்டி, உணவை வேகவைத்து, கையுறை வழியே தொட்டு வளர்த்தார். 1957இல் அவருடைய துணைவர் டிரெக்ஸ்லர் எஃகிற்குப் பதில் மலிவான பிளாஸ்டிக் உறையை அமைத்தபின் உலகின் பல ஆய்வுக்கூடங்களுக்கும் இம்முறை பரவியது. மூளையைப் பற்றி அவர்கள் நினைக்கவே இல்லை. பாக்டீரியா இல்லாமல் வாழ்வு உண்டா என்பதே அவர்கள் கேள்வி. உண்டு என்று விடை வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தக் கூண்டுகளின் வழித்தோன்றல்களில் வளர்ந்த எலிகளே நம் பொருளின் இரண்டாம் பிறப்புக்குக் காரணமாயின.

2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுக்கி சுதோவும் குழுவினரும் நுண்ணுயிரற்ற சுண்டெலிகளை அசைய இயலாதபடி சிறிது நேரம் அடைத்து வைத்தனர். எந்த எலியும் கலங்கும். ஆனால் இவற்றின் இரத்தத்தில் கலக்கத்தின் சுரப்பிநீர் சாதாரண எலிகளைவிட மிகுதியாக ஏறியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கொடுத்தபோது மறுவினை அடங்கிற்று. இதில் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது மற்றொரு முடிவு. நுண்ணுயிர்களை இளமையிலேயே ஊட்டினால்தான் சீர்ப்பட்டது. வளர்ந்தபின் ஊட்டியபோது சீர்ப்படவில்லை. கலக்கத்தைத் தாங்கும் ஆற்றல் அமைவதற்கு வாழ்வில் ஒரு பருவம் உண்டு, அப்பருவத்தில் குடலின் உயிர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எலிகளளவில் தெரிந்தது.

2011 இத்துறையின் வளமான ஆண்டு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்சிக் குழுவினர், அஞ்சும் இயல்புடைய எலியினத்தின் குடல் உயிர்களைத் துணிவுடைய இனத்திற்கும், துணிவுடையதன் உயிர்களை அஞ்சும் இனத்திற்கும் மாற்றினர். இயல்புகளும் ஓரளவு இடம் மாறின. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் கிரையனும் டைனனும் மக்மாஸ்டரின் துணையோடு ஒரு பாக்டீரியாவை எலிகளுக்கு ஊட்டினர். அச்சமும் சோர்வும் குறைந்தன. வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் அப்பயன் தோன்றவில்லை. செய்தி எந்தக் கம்பி வழியே போகிறது என்பதற்கு இது சான்றாயிற்று. அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார், நுண்ணுயிரற்ற எலிகள் மற்ற எலிகளைவிடக் குறைவாக அஞ்சுகின்றன என்று கண்டனர். சுதோவின் எலிகளுக்குக் கலக்கம் மிகுதி. இவற்றுக்கோ அச்சம் குறைவு. இயற்கை நம் கட்டுரைகளின் வசதிக்காக நடந்துகொள்வதில்லை.

வழிகள் இன்று ஒருவாறு தெரியும். நரம்பு ஒன்று. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ஆக்கும் அமிலங்கள் மற்றொன்று. நோயெதிர்ப்பு அணுக்களின் தூது இன்னொன்று. நம் உடலிலுள்ள செரடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது. அதன் உற்பத்தியைச் சில பாக்டீரியாக்கள் தூண்டுகின்றன என்று 2015இல் கலிபோர்னியாவில் காட்டப்பட்டது. மகிழ்ச்சியின் ஊற்று குடலில் உள்ளதென்று விளம்பரக்காரர்கள் இதை எடுத்துக்கொள்கின்றனர். குடலின் செரடோனின் மூளையின் தடுப்பைக் கடந்து உள்ளே செல்வதில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. உடலின் அணுக்களைவிட பாக்டீரியாக்கள் பத்து மடங்கு மிகுதி என்று மேடைகளில் கேட்கிறோம். 2016இல் செய்த கணக்கின்படி பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி, நம் அணுக்கள் 30 இலட்சம் கோடி. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. எடையோ 200 கிராம் அளவே.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதை கரடுமுரடானது. 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நலமுள்ள பெண்களுக்கு நான்கு வாரம் புளித்த பால் கொடுத்து, அவர்கள் மூளையைப் படமெடுத்தனர். உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளின் செயலில் சிறு மாற்றம் தெரிந்தது. 2017இலோ, எலிகளின் அச்சத்தை நீக்கிய அதே பாக்டீரியாவைக் கார்க் ஆய்வாளர்கள் நலமுள்ள 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பயனில்லை என்று கண்டனர். அதைத் தாமே வெளியிட்டனர். டிரென்டனில் நடந்ததோடு ஒப்பிட்டால் இந்தத் தோல்வி அறிக்கையின் அருமை விளங்கும். 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று 247 பிள்ளைகளை ஆராய்ந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடல் உயிர்கள் வேறுபடுவதற்கு, அவர்கள் சில உணவுகளையே விரும்பி உண்பது காரணமாகலாம் என்றது. குடல் நடத்தையை மாற்றியதா, நடத்தை குடலை மாற்றியதா? பிள்ளையைக் குணமாக்கும் பொடி என்று விற்பவரிடம் தன் நகையை அடகுவைத்துப் பணம் கொடுக்கும் ஒரு தாய்க்கு இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

குருக்களாகிய நம்மிடம் வேறொரு கேள்வி வருகிறது. என் சோர்வுக்கும் சினத்திற்கும் குடலின் உயிர்கள் காரணமானால், என் விருப்புரிமை எங்கே? நாம் அறிந்தவரை எந்த ஆய்வும் மனிதனின் தெரிவை ஒரு பாக்டீரியாவிடம் ஒப்படைக்கவில்லை. சாய்வுகளைத்தான் அவை பேசுகின்றன. அதுவும் பெரும்பாலும் எலிகளின் சாய்வுகளை. உடலும் ஆன்மாவும் ஒரே மனிதன் என்று கற்பித்த தூய தோமா அக்குவினார், துயரத்திற்கு மருந்துகளை எண்ணும் இடத்தில் கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் சேர்த்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளருக்கு அதில் கூச்சம் இருக்கவில்லை. ஒப்புரவு அருளடையாளத்திற்கு வந்து, தான் செபிக்க இயலாமல் சோர்ந்து கிடப்பதைப் பாவமென்று அழுபவரிடம், உறங்குகிறீர்களா, உண்கிறீர்களா, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று நாம் கேட்பதிலும் கூச்சம் வேண்டியதில்லை. மனநோயைப் பேய்க்கோளாறு என்று ஒளித்துவைக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்னும் உள்ளன.

வாழ்வின் இரு முனைகளில் இவ்வரலாறு நமக்கு மிகத் தெளிவாகப் பேசுகிறது. தாய்ப்பாலில் பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்துள்ள திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். யாருக்காகத் தாய் அதைச் சுரக்கிறாள்? 1899இல் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் கண்டறிந்த பிஃபிடோ பாக்டீரியாக்களுக்காக. குழந்தைக்கு ஊட்டும் தாய் அதன் குடலில் குடியேறியவர்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள். இந்த ஏற்பாட்டை அறிந்த நாளில் நாம் நெடுநேரம் வேறொன்றும் படிக்கவில்லை.

மறுமுனை முதுமை. கைகால் நடுக்கும் பார்க்கின்சன் நோயைப் பற்றி 1817இல் முதலில் எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே அவர்களது மலச்சிக்கலைக் குறித்திருந்தார். நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்குவதுண்டு என்று இன்று தெரியும். நோய் குடலின் நரம்புகளில் தொடங்கி மூளைக்கு ஏறலாம் என்று 2003இல் ஜெர்மானியரான பிராக் கருத்துரைத்தார். 2016இல் கலிபோர்னியாவில், நோய்க்கு ஆளாகும்படி வளர்த்த எலிகளுக்கு நோயாளிகளின் குடல் உயிர்களைச் செலுத்தியபோது உடலியக்கக் குறைகள் கூடின.

2012இல் கார்க் பகுதியின் முதியவர் 178 பேரை ஆராய்ந்த ஓர் அறிக்கை உண்டு. தம் வீடுகளில் வாழ்ந்தவர்களின் குடலில் பல்வகை உயிர்கள் இருந்தன. நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்களிடம் அவ்வகைமை குறைந்திருந்தது. அவர்களே தளர்ச்சி மிகுந்தவர்களாகவும் இருந்தனர். தளர்ச்சியினால் இல்லத்திற்கு வந்தார்களா, இல்லத்திற்கு வந்து தளர்ந்தார்களா என்பதை முழுமையாகப் பிரித்தறிவது கடினம். ஆனால் ஒரு வரிசை தெரிந்தது. இல்லத்திற்கு வந்தவர்களுக்கு முதலில் உணவு மாறியது. காய்களும் கனிகளும் நாரும் குறைந்து, கொழுப்பு மிகுந்து, ஒரே வகை உணவு திரும்பத் திரும்ப வந்தது. குடலின் உயிர்கள் அதற்குப் பின்னரே, மெல்ல மாறின.